பாரிஸ் வீட்டை மண்ணே சூடாக்குது... தேங்காய்த்திட்டுக்கு இது ஒத்து வருமா? நிலத்தடி ஹீட் பம்ப் - முழு விளக்கம்

பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போனில் பேசும்போது புதுச்சேரிக்காரர்கள் சமீப காலமாக அடிக்கடி கேட்கும் ஒரு வார்த்தை 'ஹீட் பம்ப்'. "கேஸ் பாய்லரை எடுத்துட்டோம், தோட்டத்துல போர் போட்டு ஹீட் பம்ப் வெச்சுட்டோம், பில் குறைஞ்சிடுச்சு" என்று அங்கிருந்து சொல்கிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டையும் குளியல் தண்ணீரையும் சூடாக்கும் இயந்திரம் அது.

அதைக் கேட்டதும், "நம்ம வீட்டுக்கும் போட்டா என்ன? கீசருக்கு ஆகிற செலவு மிச்சம்தானே?" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பாரிஸ் மண்ணும் தேங்காய்த்திட்டு மண்ணும் ஒன்றல்ல. யோசிக்காமல் போர் போட்டால் பணம் மட்டுமல்ல, தெருவின் குடிநீரும் கெட வாய்ப்பு உண்டு.

ஹீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது? நிலத்தடி வகை எங்கே லாபம், எங்கே நஷ்டம்? புதுச்சேரி வீடுகளுக்கு எது சரி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹீட் பம்ப் என்றால் என்ன?

புதுசாக எதுவும் இல்லை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு ஹீட் பம்ப்தான். ஏசியும் அதே. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கட்டி தயாரிக்கும் ஐஸ் பிளான்ட்டும் அதே இயந்திரத்தின் பெரிய வடிவம்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காய்கறி, பாலில் இருந்து எடுத்த வெப்பத்தைத்தான் அது பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. அதாவது, வெப்பத்தை ஒரு இடத்தில் இருந்து எடுத்து இன்னொரு இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. தண்ணீர் பம்ப் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுவது போல, இது வெப்பத்தைக் குளிர்ந்த இடத்தில் இருந்து சூடான இடத்துக்கு ஏற்றுகிறது. அதனால்தான் 'பம்ப்' என்ற பெயர்.

இது நடப்பது இப்படி:

- குழாய்க்குள் குளிரூட்டி வாயு ஓடுகிறது. இது மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும்.
- அந்த ஆவியை கம்ப்ரசர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாகும் இல்லையா, அதே மாதிரி அழுத்தத்தில் வாயு நன்றாகச் சூடேறும்.
- சூடான வாயு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள குழாயில் ஓடி, வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது.
- ஒரு சிறிய வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, பழையபடி குளிர்ந்து, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது.

இங்கே மின்சாரம் செலவாவது முக்கியமாக கம்ப்ரசருக்குத்தான். வெப்பத்தின் பெரும்பகுதி வெளியில் இருந்து இலவசமாக வருகிறது.

கீசருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண கீசரில் உள்ளது ஒரு காயில். 1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் 1 யூனிட் அளவுக்கே வெப்பம் கிடைக்கும். அதற்கு மேல் வரவே வராது.

ஹீட் பம்பில் 1 யூனிட் மின்சாரம் கொடுத்தால் 3 யூனிட், சில நேரம் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். இந்த விகிதத்தை 'சி.ஓ.பி.' என்று சொல்வார்கள். 3 என்றால் ஒரு பங்கு மின்சாரம், இரண்டு பங்கு காற்றில் இருந்தோ மண்ணில் இருந்தோ எடுத்தது.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும். வெப்பத்தை எடுக்கும் இடமும் கொடுக்கும் இடமும் வெப்பநிலையில் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு குறைவாக மின்சாரம் செலவாகும். ஆழக் கிணற்றில் இருந்து தண்ணீர் இறைப்பதற்கும் மேலோட்டமான தொட்டியில் இருந்து இறைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அப்புறம் ஏன் மண்ணைத் தோண்டணும்?

காற்றின் வெப்பநிலை நேரத்துக்கு நேரம் மாறும். மண் அப்படி மாறாது. சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால், வெயில் காலமோ குளிர் காலமோ, வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. அது அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும்.

பாரிஸில் ஜனவரி இரவில் வெளிக்காற்று 0 டிகிரியைத் தொடும். மண்ணுக்குள் அப்போதும் 12 டிகிரி அளவில் இருக்கும். உறையும் காற்றில் இருந்து வெப்பம் எடுப்பதை விட, 12 டிகிரி மண்ணில் இருந்து எடுப்பது ரொம்ப சுலபம். நிலத்தடி ஹீட் பம்பின் லாபம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

குழாய் பதிப்பதில் மூன்று வகை உண்டு:

- செங்குத்து போர்: 100 மீட்டர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் துளையிட்டு, அதில் யு வடிவ பிளாஸ்டிக் குழாய் இறக்குவார்கள். அதற்குள் தண்ணீரோ, உறையாத கலவை திரவமோ சுற்றிக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீரை வெளியே எடுக்காது.
- கிடைமட்டக் குழாய்: ஒன்று முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில் தோட்டம் முழுக்கக் குழாய் பதிப்பது. செலவு குறைவு, ஆனால் பெரிய மனை வேண்டும்.
- திறந்த வகை: கிணற்றுத் தண்ணீரையோ ஆற்று நீரையோ நேரடியாக எடுத்து, வெப்பத்தை மட்டும் பிரித்துக்கொண்டு திருப்பி விடுவது.

இது எப்போது வந்தது?

யோசனை 170 வருடப் பழசு. வெப்பத்தை இப்படி 'ஏற்ற' முடியும் என்று 1852-லேயே லார்ட் கெல்வின் விளக்கினார். 1850-களின் நடுவில் ஆஸ்திரியாவில் பீட்டர் வான் ரிட்டிங்கர் உப்பளத்தில் உப்பு நீரை வற்ற வைக்க இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்தார். மண்ணில் இருந்தே வெப்பம் எடுக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிக் ஸோலி 1912-ல் காப்புரிமை பெற்றார். ஸூரிக் நகர மன்றக் கட்டடம் 1938-ல் லிம்மாட் ஆற்று நீரில் இருந்து வெப்பம் எடுத்துச் சூடாக்கப்பட்டது.

1970-களில் பெட்ரோல் விலை எகிறியபோது ஸ்வீடன் போன்ற நாடுகள் நிலத்தடி ஹீட் பம்ப் பக்கம் திரும்பின. உக்ரைன் போரால் கேஸ் விலை உச்சத்துக்குப் போன 2022-ல், ஐரோப்பாவில் அந்த ஒரே வருடத்தில் எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் ஹீட் பம்புகள் விற்றன.

பிரான்ஸ் - புதுச்சேரி கனெக்‌ஷன்

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962-ல் முடிந்தது. அந்தச் சமயத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல, இன்று பாரிஸ் புறநகர்களில் வாழ்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்களும் இங்கே நிறைய உண்டு. அதனால் அங்கே வரும் புது டெக்னாலஜி பற்றிய பேச்சு இங்கே சீக்கிரமே வந்துவிடும்.

அங்கே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, தனி வீடுகளின் ஹீட் பம்ப். வீட்டைச் சூடாக்கும் பழைய பாய்லரை மாற்றுபவர்களுக்கு 2020-ல் தொடங்கிய 'மா ப்ரீம் ரெனோவ்' என்ற திட்டத்தில் பிரெஞ்சு அரசு உதவித்தொகை கொடுத்து வருகிறது.

இரண்டு, ஆழ்நிலை புவிவெப்பம். பாரிஸுக்கு அடியில் 1,500 முதல் 2,000 மீட்டர் ஆழத்தில் இயற்கையாகவே சுடுநீர் இருக்கிறது. அதை எடுத்து ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். மெலன் என்ற ஊரில் 1969-லேயே இது ஆரம்பமாகிவிட்டது. இது ஹீட் பம்ப் போர் அல்ல, நகராட்சி அளவிலான திட்டம்.

இந்தியாவில் நிலவரம் என்ன?

இங்கேயும் அதே இரண்டு வகை. ஆழ்நிலை வகையில் பேசப்படும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. அங்கே வெந்நீர் ஊற்றுகளில் இருந்து மின்சாரம் எடுக்க 2021 பிப்ரவரியில் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. இந்தியப் புவியியல் ஆய்வு மையம் நாடு முழுக்க 381 வெந்நீர் ஊற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. மொத்தம் சுமார் 10,600 மெகாவாட் எடுக்கலாம் என்பது மதிப்பீடு.

2025 செப்டம்பரில் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் தேசிய புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. மின் உற்பத்தியோடு, நிலத்தடி ஹீட் பம்பைக் கொண்டு கட்டடங்களைக் குளிர்விப்பதும் சூடாக்குவதும் அந்தக் கொள்கைக்குள் வருகிறது. இனி "ஜியோதெர்மல்" என்ற பெயரில் விளம்பரங்கள் நிறைய வரும். எது நமக்கு உதவும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தேங்காய்த்திட்டில் மண்ணுக்குள் எத்தனை டிகிரி?

இதுதான் மொத்தக் கட்டுரையின் முக்கியக் கேள்வி.

புதுச்சேரியின் ஆண்டு சராசரி வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஆகவே மண்ணுக்குள்ளும் ஏறக்குறைய அதேதான். 100 மீட்டர் ஆழம் போனால் இரண்டு, மூன்று டிகிரி கூடும், அவ்வளவே.

வெளிக்காற்று எப்படி? ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பகலில் 28, 29 டிகிரி வந்துவிடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள்:

- வீட்டைச் சூடாக்க: தேவையே இல்லை. மார்கழிக் குளிருக்குப் போர்வை போதும்.
- வெந்நீருக்கு: மண் 28 டிகிரி, பகல் காற்றும் 28 டிகிரி. காற்றில் இலவசமாகக் கிடைப்பதை எடுக்க 300 அடி போர் எதற்கு? பாரிஸில் கிடைக்கும் அந்த 12 டிகிரி லாபம் இங்கே கிடைக்கவே கிடைக்காது.
- ஏசிக்கு: மே மாத மதியம் வெளியே 37, 38 டிகிரி. மண் 28, 29. எட்டு, ஒன்பது டிகிரி லாபம் இருக்கிறது. ஆனால் அது பகலில்தான். இரவு ஏசி போடும் நேரத்தில் வெளிக்காற்றும் 28-ஐ ஒட்டி இறங்கிவிடும், லாபம் கரைந்துவிடும்.

வெந்நீருக்காக மட்டும் தேங்காய்த்திட்டில் நிலத்தடி ஹீட் பம்ப் போடுவதில் அர்த்தம் இல்லை. ஏசிக்குப் போடுவதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதிலும் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது.

மண் ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மண்ணில் இருந்து வெப்பம் எடுப்பார்கள், கோடையில் வீட்டின் வெப்பத்தை மண்ணில் விடுவார்கள். எடுப்பதும் போடுவதும் ஓரளவு சமன் ஆகிவிடும்.

இங்கே வருடத்துக்குப் பத்து மாதம் ஏசி ஓடும். போடுவது மட்டும்தான், எடுப்பது இல்லை. போரைச் சுற்றியுள்ள மண் வருடா வருடம் சூடேறிக்கொண்டே போகும். சில வருடங்களில் மண்ணுக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் குறைந்து, போட்ட முதலீடு பயன் இல்லாமல் போகலாம். நிலத்தடி நீர் நன்றாக நகரும் இடங்களில் அந்த நீரோட்டம் கொஞ்சம் வெப்பத்தை அடித்துக்கொண்டு போகும். ஆனால் அதை நம்பி வீட்டுக்காரர் பணம் போட முடியாது, முதலில் பரிசோதனை வேண்டும்.

நீளமும் சின்ன விஷயம் இல்லை. 1 டன் ஏசி அறையில் இருந்து எடுக்கும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட். கம்ப்ரசர் வெப்பத்தையும் சேர்த்தால் மண்ணில் விட வேண்டியது 4.4 கிலோவாட் வரும். ஒரு மீட்டர் போருக்கு 50 வாட் என்று வைத்தால், 1 டன்னுக்கு 88 மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 290 அடி. மூன்று அறைக்கு மூன்று போர். உங்கள் பகுதியில் போர் போட ஒரு அடிக்கு என்ன ரேட் என்று கேட்டு, நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

போர் போட்டால் குடிநீருக்கு என்ன ஆபத்து?

தேங்காய்த்திட்டு என்ற பெயரிலேயே 'திட்டு' இருக்கிறது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய பகுதி. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் அலையாத்திக் காடு. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், பல இடங்களில் அது உப்பு.

புதுச்சேரி நகரம் குடிநீருக்குப் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பி இருக்கிறது. மேலே வண்டல் மண் அடுக்கு, அதற்குக் கீழே கடலூர் மணற்கல் அடுக்கு, இன்னும் கீழே வானூர் மணற்கல் என்று தண்ணீர் தேங்கும் அடுக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. கடலோரத்தில் உப்பு நீர் உள்ளே ஏறி வருவது ஏற்கெனவே பெரிய கவலை.

இந்த நிலையில் 300 அடி துளை போட்டு, அதைச் சரியாக அடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? மேல் அடுக்கின் உப்பு நீர் அந்தத் துளை வழியாகவே கீழே நல்ல தண்ணீருக்கு இறங்கிவிடும். ஒரு வீட்டின் ஏசி பில் குறைவதற்காக ஒரு தெருவின் குடிநீர் கெட்டுப்போகும். துளைக்கும் குழாய்க்கும் இடையே மேலிருந்து கீழ் வரை பெண்டோனைட் களிமண் கலவை போட்டு அடைப்பது வெளிநாடுகளில் கட்டாயமான வேலை. தண்ணீருக்காக போர் போடும் சாதாரண வண்டிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்காது.

சட்டமும் இருக்கிறது. புதுச்சேரியில் நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுச் சட்டம் 2002 அமலில் உள்ளது, அதற்கென்று தனி ஆணையமும் உண்டு. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். "தண்ணி எடுக்கப் போறதில்லையே, சும்மா குழாய்தானே" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். முதலில் ஆணையத்தில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அப்போ வெந்நீருக்கு எதுதான் சரி?

காற்றில் இருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்கள் இந்தியச் சந்தையில் கிடைக்கின்றன. புதுச்சேரி மாதிரி எப்போதும் வெதுவெதுப்பான ஊரில் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது லாபமா?

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூட்டச் சுமார் 2.9 யூனிட் வேண்டும். கீசரில் முழுசாக அந்த 2.9 யூனிட் ஆகும். சி.ஓ.பி. 3 உள்ள ஹீட் பம்பில் ஏறக்குறைய 1 யூனிட். மிச்சம் 1.9 யூனிட். ஒரு யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

- வருடத்தில் 100 நாள் மட்டும் வெந்நீர் போடும் வீடு: மிச்சம் சுமார் 1,300 ரூபாய்.
- வருடம் முழுக்கத் தினமும் 100 லிட்டர் வேண்டும் வீடு, அதாவது முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு: சுமார் 4,850 ரூபாய்.
- தினமும் 2,000 லிட்டர் வேண்டும் லாட்ஜ், ஹாஸ்டல், மருத்துவமனை: வருடத்துக்குச் சுமார் 97,000 முதல் 99,000 ரூபாய்.

மூன்றாவது வரியைப் பாருங்கள். ஹீட் பம்புக்கு உண்மையான வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார். சுற்றுலாப் பயணிகள் வரும் புதுச்சேரியில் தங்கும் விடுதிகளுக்குக் குறைவே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாளி வெந்நீர் போடும் நடுத்தரக் குடும்பத்துக்கு ஸ்டார் ரேட்டிங் உள்ள சிறிய கீசரே போதும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் இதை விட மலிவாக வெந்நீர் கொடுக்கும். ஆனால் ஒரு முரண் இருக்கிறது. இங்கே வெந்நீர் அதிகம் தேவைப்படுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். சூரியன் சரியாக வராததும் அப்போதுதான். மேகமூட்ட நாட்களுக்கு ஒரு மாற்று ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும்.

ஏசி வீணாக்கும் வெப்பத்தைப் பிடிக்கலாமே?

இதுதான் புதுச்சேரிக்குப் பொருத்தமான யோசனை. ஏசியின் அவுட்டோர் யூனிட் முன்னால் நின்றால் அனல் அடிக்கும். அது அறையில் இருந்து எடுத்த வெப்பம். தெருவில் வீணாகப் போகிறது. அதே கட்டடத்தின் இன்னொரு மூலையில் கீசர் மின்சாரம் தின்றுகொண்டிருக்கிறது.

ஏசியின் சூடான வாயுவை முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வழியாக ஓடவிட்டால், வெந்நீர் கிட்டத்தட்ட இலவசம். பெரிய ஹோட்டல்கள், மருத்துவமனைகளுக்கான மைய ஏசி அமைப்புகளில் இதற்கான வசதி உண்டு. ஐஸ் பிளான்ட்டுகளுக்கும் இதே கணக்கு பொருந்தும். மீன் பெட்டிகளையும் தரையையும் கழுவ வெந்நீர் தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஐஸ் தயாரிக்கும் இயந்திரம் வெப்பத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும்.

போர் வேண்டாம், உப்பு நீர் பயம் வேண்டாம். புதுசாகக் கட்டும் விடுதிக்காரர்கள் பிளான் போடும்போதே ஏசி மெக்கானிக்கிடமும் பிளம்பரிடமும் சேர்த்து இதைப் பேச வேண்டும். கட்டி முடித்த பிறகு குழாய் மாற்றுவது கஷ்டம்.

ஏசி இல்லாமலே குளிர்ச்சிக்கு வழி?

இதற்குப் புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதி 1930-களின் இறுதியில் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். சுவர் முழுக்கத் திறந்து மூடும் பலகைகள், கூரைக்கு மேல் காற்று இடைவெளி விட்டு இன்னொரு வளைவுக் கூரை. ஏசி இல்லாமலே உள்ளே தாங்கும்படி இருக்கும்.

டெல்லி அருகே குர்கானில் 'டெரி' நிறுவனத்தின் பயிற்சி மையத்தில் வேறு மாதிரி. 4 மீட்டர் ஆழத்தில் புதைத்த சுரங்கக் குழாய்கள் வழியாகக் காற்றை இழுத்து, மண்ணின் குளிர்ச்சியில் ஆற்றி அறைக்குள் விடுகிறார்கள். மண் குளிர்ச்சியைப் பயன்படுத்தும் எளிய வழி அது. ஆனால் தேங்காய்த்திட்டில் 4 மீட்டர் தோண்டினால் குழாய் தண்ணீருக்குள்தான் கிடக்கும்.

தமிழ்நாட்டில் எங்கே இது சரிப்படும்?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல். அங்கே ஜனவரியில் உறைபனி கொட்டும். மண்ணுக்குள் அதை விட நன்றாகவே வெதுவெதுப்பு இருக்கும். வீட்டைச் சூடாக்கும் தேவையும் உண்மையானது. குளிருக்காக அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரிழந்த செய்திகள் மலைப் பகுதிகளில் இருந்து வந்திருக்கின்றன. புகை இல்லாத சூடு அங்கே உயிர் காக்கும் விஷயம். ஆனால் பாறை நிலத்தில் துளையிடும் செலவும் மலைப் பகுதிக் கட்டுப்பாடுகளும் உண்டு. காற்று வகை ஹீட் பம்ப், அதாவது சூடு-குளிர் இரண்டும் தரும் ஏசி, அங்கேயும் முதலில் யோசிக்க வேண்டிய எளிய வழி.

ஹீட் பம்ப் வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை

- நேரம்: டைமர் வைத்து மதியம் 12 மணி முதல் 4 மணிக்குள் ஓடவிடுங்கள். காற்று சூடாக இருக்கும் நேரம், மின்சாரம் குறைவாக ஆகும். மாடியில் சோலார் பேனல் இருந்தால் இன்னும் நல்லது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அந்த மானியம் பேனலுக்குத்தான், ஹீட் பம்புக்கு அல்ல.
- இடம்: இது குளிர்ந்த காற்றை வெளியே விடும். மூடிய சிறு அறையில் வைத்தால் தன் குளிரையே தானே இழுத்துத் திணறும். காற்றோட்டமான இடம் வேண்டும்.
- உப்புக் காற்று: கடலோரத்தில் அலுமினியத் தகடுகள் சீக்கிரம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத பூச்சு உள்ளதா, கடலோரப் பகுதிக்கும் வாரன்டி பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.
- வெள்ளம்: 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரையில் வைக்காதீர்கள். மேடை கட்டி வையுங்கள் அல்லது மாடியில் வையுங்கள்.
- தண்ணீர்த் தரம்: உப்பும் சுண்ணாம்பும் அதிகமான தண்ணீரில் தொட்டி சீக்கிரம் ஓட்டையாகும். உள்ளே இருக்கும் அனோடு தண்டைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டும்.
- கிருமி: வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளர வாய்ப்பு உண்டு. வாரம் ஒரு முறையாவது 60 டிகிரி வரை சூடேற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். விடுதிகள், மருத்துவமனைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.
- சர்வீஸ்: கேஸ் லீக், கம்ப்ரசர் கோளாறு என்றால் பார்க்க உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

- குளிர் நாடுகளில் நிலத்தடி ஹீட் பம்ப் லாபம், காரணம் மண் காற்றை விட வெதுவெதுப்பு.
- தேங்காய்த்திட்டில் மண்ணும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. வெந்நீருக்காக போர் போடுவது வீண்.
- ஏசிக்கு ஓரளவு பயன் உண்டு. ஆனால் மண் சூடேறும் சிக்கலும், குடிநீர் அடுக்கு கெடும் ஆபத்தும் இருக்கின்றன. ஆணைய அனுமதி இல்லாமல் துளை போடக் கூடாது.
- விடுதி, ஹாஸ்டல், மருத்துவமனைக்கு காற்று வகை ஹீட் பம்ப், அல்லது ஏசியின் வீண் வெப்பத்தைப் பிடிப்பது நல்ல வழி.
- குளிர்காலத்தில் மட்டும் வெந்நீர் போடும் வீட்டுக்கு சிறிய கீசர் போதும்.

பாரிஸில் இருந்து அண்ணன் போனில் சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கே யாராவது "ஜியோதெர்மல் போட்டுத் தர்றேன், பில் பாதியாகும்" என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை அடி போர்? துளையை எப்படி அடைப்பீர்கள்? பத்து வருடம் கழித்து மண்ணின் வெப்பநிலை என்னவாக இருக்கும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.